விருத்தாசலத்தில் காய்ந்துபோன படகு

விருத்தாசலத்துக்கு எல்லோரும் கோயில் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் ரயில் மாறப் போவார்கள். நான் போன சித்திரையில் படகு எடுத்துவரப் போனேன். கடல் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். மரப்படகைப் பழுதுபார்க்க ஆள் தேடி அலைகிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் சேகர் கடலூர்ப் பக்கத்து மீனவர். அடுத்தவருடைய ஃபைபர் படகில் பங்குக்குப் போய்ப் போய் அலுத்து, பஹ்ரைனில் ஒருவர் படகில் வேலை செய்ய விசா வாங்கிவிட்டார். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் சென்னை, திங்கள் காலை பத்து நாற்பதுக்கு விமானம், திரும்பி வர இரண்டு வருடம். போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டபோது, "நம்ம போட்டு தண்ணில மெதந்தா நான் ஏன் போறேன்?" என்றார். என் வாயை அடைக்கச் சொன்ன பேச்சு அது. நான் அதையே இறுகப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை காலை கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் படகு மிதந்தாக வேண்டும்.

அந்தப் படகு என் மாமனார் நாட்டு வாகை மரத்தில் செய்வித்தது, இருபது அடி நீளம். சுனாமி அதைத் தூக்கிச் சவுக்குத் தோப்புக்குள் போட்டது. இரண்டு பலகை உடைந்ததோடு தப்பித்தது. ஊரே ஃபைபருக்கு மாறியபோது மாமனார் மட்டும் இதை ஒட்டுப்போட்டு, முகத்துவாரத்தில் நண்டு வலைக்கு வைத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு சேகர் ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் அடிப்பலகை உளுத்துப்போய்க் கரையில் கவிழ்த்தோம். அப்புறம் அதன் முதுகில் தெருவே கருவாடு காயவைத்தது.

கடலூரில் படகு கட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி அண்ணன், மனைவியின் ஊரான விருத்தாசலத்தில் குடியேறி, அங்கே செராமிக் எஸ்டேட்டில் பொம்மை அனுப்பும் மரப்பெட்டிகள் செய்கிறார். "என்னால அங்க வந்து தங்க முடியாதும்மா. போட்ட இங்க அனுப்பு. முதலாளி ஷெட்டுல எடம் இருக்குது" என்றார். தை மாதம் லாரியில் ஏற்றி அனுப்பினோம். பங்குனி முதல் வாரத்தில் போன் செய்து, வேலை முடிந்துவிட்டது என்றார். லாரி கிடைக்கவில்லை, கையில் காசு இல்லை என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம்.

கடலூர் பஸ் நிலையத்தில் காலை 6.10-க்கு ஏறினேன். டிக்கெட் 48 ரூபாய். வடலூர், நெய்வேலி வழி. இடது பக்க ஜன்னலில் வெயில் பிடரியில் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். நெய்வேலி தாண்டியதும் முந்திரித் தோப்புகள் வருகின்றன. 8.15-க்கு இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். எஸ்டேட்டுக்கு 100 ரூபாய்.

"பொம்ம வாங்கவாம்மா?" என்றார் டிரைவர்.

"போட்டு எடுக்க வந்தேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "மணிமுத்தாத்துல காலு நனைக்கவே தண்ணி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

எஸ்டேட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஷெட்டுகள். ஒன்றில் ஃபியூஸ் கட்டை, ஒன்றில் உண்டியல், ஒன்றில் கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் ஒரே பலகையில். எங்கே தொட்டாலும் வெள்ளைப் புழுதி கையில் ஒட்டும், கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலாளி தனபால் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்தார். "வாங்கம்மா, போட்டு எப்பிடி இருக்குதுன்னு பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றார்.

சூளைச் சுவரை ஒட்டிப் படகு நின்றது. புதுப் பலகை, வெளியே முந்திரிக்கொட்டை எண்ணெய்ப் பூச்சு, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகைக்குப் பலகை நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு இடத்தில் என் சுண்டுவிரல் நகம் முழுதாக நுழைந்தது.

நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் ஆரோக்கியசாமி அண்ணன் சர்ச்சுக்கு பெஞ்சு செய்ய வெளியூர் போய்விட்டார். தனபாலுக்கோ சும்மா இருக்க மனமில்லை. "எங்க தொழில்ல ஈரம்னாலே எமன்மா. பொம்மைல துளி ஈரம் நின்னாலும் நெருப்புல வெடிச்சிடும். அதான் உங்களுது நல்லா காயட்டும்னு ஆள வெச்சு சூளை பக்கத்துல நவுத்தினோம். பதினெட்டு நாளு வெச்சோம்" என்றார். கெட்ட எண்ணம் கிடையாது. நல்லது செய்வதாக நினைத்து அப்பளம் மாதிரி காயவைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அந்த மனுஷரை நிற்கவைத்துப் பேசிவிட்டேன். அப்போதுதான் வந்து சேர்ந்த ஆரோக்கியசாமி அண்ணனையும் விடவில்லை. அவர் திங்கட்கிழமையே திரும்பி வந்து இதைப் பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லப் பயந்து போனை எடுக்காமல் இருந்திருக்கிறார்.

"இன்னிக்கே எதயாவது வெச்சு அடைங்கண்ணே. ஞாயித்துக்கெழம தண்ணில எறக்கணும்" என்றேன்.

"அடைக்க மாட்டேன்." மனுஷர் அசையவில்லை. "இப்ப சந்து முழுக்க அடைச்சா, தண்ணில மரம் ஊதும்போது ஒண்ண ஒண்ணு நெட்டித் தள்ளி ஆணிய புடுங்கிடும். கடலுக்கு நடுவுல புட்டுக்கும். அதுல உங்க வூட்டுக்காரர ஏத்துவியா?"

மரம் பழையபடி தண்ணீர் குடித்து ஊதினால்தான் சந்து தானாக மூடும் என்றார். வழக்கமாகப் படகை ஆற்றில் அமிழ்த்தி வைப்பார்கள். இங்கே ஆறு மணலாகக் கிடக்கிறது. தரையில் வைத்துத் தண்ணீரை நிரப்பினால் கனம் தாங்காமல் பலகை விட்டுவிடும். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் மும்தாஜ் என்ற பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மங்கலம்பேட்டைக்காரி. ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டாள், சொன்னேன். அவள் கணவர் குவைத்தில் இருக்கிறாராம், பதினோரு வருடத்தில் நாலு தடவை வந்திருக்கிறாராம். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆரோக்கியசாமி அண்ணனிடம் போனாள்.

"பச்ச மண்ணு காயக்கூடாதுன்னா நாங்க ஈரக் கோணிய போத்தி, மேல பாலிதீன் மூடிடுவோம். மூணு நாளானாலும் ஈரம் போவாது. மரத்துக்கு அது ஆவாதா?"

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "வெளிய எண்ணெ பூசிட்டேன், அந்தப் பக்கம் ஈரம் ஏறாது. உள்பக்கம் போட்டா ஆவும். ஆனா ஒரு மணி நேரம் கூட காய வுடக்கூடாது."

மும்தாஜ் போன் செய்து, மங்கலம்பேட்டை கடையிலிருந்து அறுபது பழைய முந்திரிக் கோணிகள் வரவழைத்தாள். ஒன்று 15 ரூபாய். தனபால் பதினான்கு ஆட்களை வைத்துப் படகைச் சூளைச் சுவரிலிருந்து நகர்த்தி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிழலில் இறக்கினார். மதியம் இரண்டு மணிக்கு முதல் கோணியை நனைத்துப் போட்டேன். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் மும்தாஜும் தண்ணீர் ஊற்றினோம். ராத்திரி சூளை பார்க்கிற ஆட்கள் ஊற்றினார்கள். தங்கியது மும்தாஜ் வீட்டில். விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டைக்கு டவுன் பஸ் அரை மணி நேரம்.

வியாழக்கிழமை முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. அதே சந்து, அதே வெளிச்சம். சேகர் போன் செய்து, "பொட்டி கட்டிட்டேன். நீ வந்துடு, கடைசி ரெண்டு நாளாவது ஒண்ணா இருப்போம்" என்றார். அந்த வார்த்தையில் பாதி மனம் கரைந்துவிட்டது. ஆனாலும், "போட்டோட வரேன்" என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நகம் நுழையவில்லை. சனிக்கிழமை மதியம் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தேன், அதுவும் நுழையவில்லை. அண்ணன் நாலு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். பின்பக்கம் இரண்டு இடத்தில் மட்டும் கசிந்தது.

"இது ஆத்துல கெடந்தா பத்து நாள்ல சரியாவும்" என்றார்.

ஞாயிறு காலை 5.30-க்கு லாரி. வாடகை 5,500 ரூபாய், அதில் பாதியைத் தனபால் நான் எவ்வளவு மறுத்தும் கொடுத்தார். ஈரக் கோணிகளோடேயே படகை ஏற்றினோம். வடலூரில் நிறுத்தி, டீக்கடையில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். டீக்கடைக்காரர் படகுக்குள் செடி வளர்க்கிறோமா என்று கேட்டார். 10.20-க்கு எங்கள் ஊர் உப்பனாற்றங்கரையில் இறக்கினோம்.

சேகர் வெளியூர் சட்டை போட்டு வந்து நின்றார். தெரு ஆட்கள் தள்ள, படகு ஆற்றில் இறங்கியது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றது. நான் சேகர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, துடுப்புப் போட்டு நடு ஆற்றுக்குப் போனார். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது வெளியூர் சட்டையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

"பின்னால ரெண்டு எடத்துல கசியுது" என்றார்.

"தெரியும்."

"தெனமும் எறைக்கணும். வுட்டா முழுகிடும்." சட்டை நுனியைப் பிழிந்தார். "யாரு எறைப்பா?"

நான் படகின் கயிற்றை வாங்கிக் கரைக் கட்டையில் கட்டினேன்.

இனி, இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு. மரப்படகைக் கடலுக்குத் தூரமான ஊரில் பழுதுபார்க்கலாம், ஆசாரி நல்லவராக இருந்தால் போதும். ஆனால் ஷெட்டு யாருடையதோ அவரிடம் ஈரம்தான் படகுக்கு உயிர் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் தொழிலுக்கு அது எமனாக இருந்தாலும். சந்து விட்டிருந்தால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். சணல் கோணி போடுங்கள், பிளாஸ்டிக் சாக்கு ஆகாது. லாரியில் வரும்போதும் நனைத்துக்கொண்டே வாருங்கள். கோபத்தில் பேசிவிட்டால் கிளம்பும் முன் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், நான் கேட்டேன். இறக்கிய பிறகு முதல் பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் இறைக்க ஒருத்தர் கட்டாயம் வேண்டும். அந்த ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ் போகும்வரை அது யார் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நான் ஆற்றங்கரைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனபோது, சேகர் படகுக்குள் குனிந்து இறைத்துக்கொண்டிருந்தார்.