அரையிறுதி முடிந்ததும் நான் எழுதிய முறைப்பாடு

மூன்று கோடைகளுக்கு முன்னர், ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஸ்காபரோவில் ஒரு பூங்கா மைதானத்தில் நடந்தது இது. புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் வருடா வருடம் நடத்துகிற, ஊர்க் கழகங்களுக்கு இடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. அப்போது நான் எங்கள் ஊர் அணியின் கோச். ஒன்பது வருடமாக நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் என்னை ஒரு பெரிய விண்ணன், மகா கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. விளையாடுகிறவரின் தாயோ தகப்பனோ அந்த ஊரவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழகங்கள் கண்ட இடத்திலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்துவிடும் என்று பயம். பெடியன்கள் முக்கால்வாசிப் பேரும் இங்கே பிறந்தவர்கள், ஊரைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். இருந்தாலும் முதுகில் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள். அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிரும். கோச்சுக்கு மட்டும் அந்த விதி இல்லை. அவர் எந்த ஊராகவும் இருக்கலாம்.

மல்வேர்னில் ஒரு பெடியன் இருந்தான். அப்போது இருபத்து மூன்று வயது, பார்சல் வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை. தகப்பன் எங்கள் ஊர். அவன் சின்னனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தாய் எங்களுக்குப் பக்கத்து ஊர், இங்கே ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறார். தகப்பன் வழியில் அவன் எங்கள் அணிக்கு வந்தான். அப்படி ஓடுகிற ஒருவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினால், மறிக்க நிற்பவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் தாண்டிப் போய்விடும்.

இப்படி ஒருவன் கையில் கிடைத்ததும் இந்த விண்ணன் என்ன செய்தேன் தெரியுமா? பின்வரிசையில் போட்டேன். வேகமாக ஓடுகிறவனை மறிக்க வேகமாக ஓடுகிறவன்தான் வேண்டும் என்பது என் கணக்கு. அடுத்த வருடம் மனம் இரங்கி வலது விங்கில் விட்டேன். ஆனால் பந்து எதிர் அணியிடம் போன உடனே அவன் எங்கள் கோல்வரை ஓடிவந்து மறிக்க வேண்டும். கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன், "இறங்கடா! இறங்கு!" அவனும் சொன்னபடி இறங்குவான். ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை. எங்களுக்குப் பந்து கிடைக்கும்போது அவன் எங்கள் கோலடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். முன்னால் போனாலும் எங்கள் ஆட்கள் பந்தை அவனுடைய காலடிக்குத்தான் கொடுப்பார்கள். முதுகோடு ஒட்டி ஒருவன் நிற்க, நின்ற இடத்தில் பந்தை வாங்குகிறவனுக்கு வேகம் எதற்கு? இது எனக்கு உறைக்கவேயில்லை. "உவனுக்கு ஓடத்தான் தெரியும், மூளை இல்லை" என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது வருடம் பயிற்சியில் அவனுடைய கணுக்கால் பிரண்டுவிட்டது. என் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாயும் வந்து சேர்ந்தார். அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். எமேர்ஜென்சியில் காத்திருப்பது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம்.

எங்கள் சனம் இரண்டு பேர் ஓர் இடத்தில் இருந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் நானும் செய்தேன். ஊரில் எவடம், எந்த ஒழுங்கை, ஆருடைய மகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்ன வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"அவைக்குப் பிள்ளையள் இல்லையெண்டெல்லோ நான் கேள்விப்பட்டனான்?"

 அலுப்போ, மகனை நினைத்த கவலையோ, அவர் சொல்லத் தொடங்கினார்.

"நான் அவை பெத்த பிள்ளை இல்லை அண்ணை. மலைநாட்டில ஒரு தேயிலைத் தோட்டத்தில பிறந்தனான். அஞ்சு வயசில வீட்டு வேலைக்கெண்டு அங்க கொண்டுவந்து விட்டவை. அந்த அம்மாதான் பிறகு மகளெண்டு சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பினவா. தம்பிக்கு இது தெரியாது. வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏனக்கா சொல்லப் போறன்" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த கோடையில் அவன் தாயின் ஊர் அணிக்குப் போய்விட்டான். விதிப்படி அதில் பிழையில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் காரில் ஏற்றி இறக்கி வளர்த்துவிட்டேன், நன்றி கெட்டவன் என்று வீட்டிலும் வெளியிலும் புலம்பித் திரிந்தேன்.

அந்த அணிக்குப் புதுக் கோச் ஒருவர் வந்திருந்தார். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர், அஜக்ஸில் இருந்துகொண்டு வீடுகளுக்கு ஏசி, ஹீற்றர் பூட்டுகிற வேலை செய்கிறவர். மடக்குக் கதிரையில் இருந்துகொண்டு சூரியகாந்தி விதை கொறிப்பார். கத்தவே மாட்டார். ஆட்டம் தொடங்க முதல் அவரைப் பார்த்து, இவரெல்லாம் ஒரு கோச்சா என்று பக்கத்தில் நின்றவரிடம் நக்கலடித்தேன்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிரே அவர்கள். தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். எங்கள் பெடியன், இனி எங்கள் பெடியன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, அவன் வலது கரையில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அவர்களின் பாதியில் ஆட்டம் நடக்கிறது, கோல் விழுகிறமாதிரி இருக்கிறது, அவன் நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே வரவேயில்லை. நானாக இருந்தால் அந்த நேரம் தொண்டை கிழிந்திருக்கும். அந்தக் கோச்சோ விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் பார்த்தேன். அவன் அங்கே சும்மா நின்றதால் எங்களுடைய இரண்டு பேர் முன்னேறிப் போகப் பயந்து அவனுக்குக் காவல் நின்றார்கள். நாங்கள் ஒன்பது பேரோடு விளையாடிக்கொண்டிருந்தோம். பந்து அவர்களுக்குக் கிடைத்ததும் நடுவில் நின்றவன் நிமிர்ந்து பார்க்காமலே எங்கள் பின்வரிசைக்குப் பின்னாலிருந்த வெறும் புல்லுக்கு உயர்த்தி அடித்தான். காலடிக்கு ஒரு பந்தும் போகவில்லை. அவர்களின் சென்ரர் ஃபோர்வேர்ட் இடது பக்கம் ஓடி எங்கள் பின்வரிசை நடு ஆட்டக்காரனை இழுத்துக்கொண்டு போனான். வலது பக்கம் முழுதும் அவனுக்கென்று திறந்து கிடந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற பெக், தான் ஒருநாளும் மேலே போகாமல் அவனுடைய இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். மற்றப் பத்துப் பேரும் அந்த ஒருவனுடைய ஓட்டத்துக்கு இடம் செய்து கொடுத்தார்கள்.

முதல் பாதியில் ஒரு கோல். இரண்டாம் பாதியில் ஒன்று அடித்தான், ஒன்று அடிக்கக் கொடுத்தான். எங்கள் லெஃப்ட் பெக் முப்பத்து நான்கு வயதுக்காரர், மூன்றாவது தடவை அவனைத் துரத்திவிட்டுப் புல்லில் குந்திவிட்டார். சனம் கைதட்டியது. எங்கள் ஊர்ச் சனமும் சேர்ந்துதான். மூன்றுக்கு ஒன்று.

தோற்றது கூட எனக்குப் பெரிதில்லை. அவன் சிரித்துக்கொண்டு விளையாடினான். மூன்று வருடத்தில் அவன் மைதானத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்தான். "நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், ஓகே அங்கிள்?" என்றான்.  நான் கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

எங்கள் கழகத்து ஆட்கள் கூடி நின்றார்கள். "உவன் என்னெண்டு உவையின்ர ரீமில விளையாடுறான்?" என்று ஒருவர் கேட்டார். "தாய் அந்த ஊரெல்லோ" என்றார் இன்னொருவர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"தாய் அந்த ஊரில்லை" என்றேன்.

முறைப்பாடு கொடுப்பதென்றால் அரை மணித்தியாலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலின் பின்பக்கத்தில் என் கைப்படவே எழுதினேன். 'மேற்படி ஆட்டக்காரரின் தாயார் அவ்வூரில் பிறந்தவருமல்ல, அவரை வளர்த்த குடும்பம் பெற்ற பிள்ளையுமல்ல.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்தும் பார்த்தேன். 

பூங்காவில் மேசை போட்ட கொட்டகை ஒன்றில் கொமிற்றிக்காரர் மூன்று பேர் விசாரிக்க இருந்தார்கள். தாய்க்குப் போன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் வேலை உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். மகனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று பயந்துதான் வந்திருக்கிறார். அவன் காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு வாங்கில் இருப்பதைக் கண்டதும் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு நான் எழுதிய கடதாசியை அவர் கையில் கொடுத்தார்கள்.

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இதை நீங்களா எழுதினீர்கள் என்று நம்பாதவர் மாதிரித்தான் பார்த்தார்.

"இதில எழுதியிருக்கிறது உண்மையோ அக்கா?" என்று கொமிற்றித் தலைவர் கேட்டார்.

பொய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் அவர் சொல்லவில்லை.

"ஓம். நான் தோட்டத்தில பிறந்தனான். அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தனான். ஆனா அந்த அம்மா படுக்கையில கிடந்தபோது கழுவித் துடைச்சு, கடைசி வரைக்கும் பக்கத்தில இருந்தது நான்தான். அதையும் எழுதுங்கோ."

அதை ஒருவரும் எழுதவில்லை. "வட்? என்னம்மா சொல்லுறீங்கள்?" என்று மகன் எழும்பினான். ஐஸ் பை கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து வாங்கில் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊரவர் ஒருவர், "ஓ, தோட்டக்காட்டாரோ" என்று இளக்காரமாக முணுமுணுத்தார். நான் திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை எனக்கு அது குத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கோச் முதல்தடவையாக வாய் திறந்தார். "நானும்தான் இந்த ஊரில்லை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். கோச்சுக்கு விதி இல்லை என்று தலைவர் விளக்கம் சொன்னார். பிறகு மூன்று பேரும் குசுகுசுத்துவிட்டு, விதி விதிதான் என்று முடிவைச் சொன்னார்கள். வெற்றி எங்களுக்கு.

தாயும் மகனும் கார் நிறுத்துகிற பக்கம் போனார்கள். அவன் முன்னால் விறுவிறு என்று நடந்தான், அவர் எட்டிப் பிடிக்க முடியாமல் பின்னால் போனார். அதுவரையில்தான் எனக்கு ஆத்திரம் இருந்தது. அதன் பிறகு அது போன இடம் தெரியவில்லை.

அடுத்த நாள் இறுதியாட்டம். எதிர் அணிக்காரன் ஒருவன் தன் கோலுக்குள்ளேயே தவறிப் பந்தைத் தட்டிவிட, நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். படத்தில் நடுவில் கோப்பையோடு நிற்பது நான்தான். எத்தனையோ பேர் கை கொடுத்தார்கள். "விட்டுக்குடுக்காமல் நிண்டியள் அண்ணை" என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

மூன்று கிழமை பொறுத்து மல்வேர்னுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ யோசித்துக்கொண்டுதான் போனேன். தாய் கதவைத் திறந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை. பராமரிப்பு நிலையத்தில் முன்பின் தெரியாத கிழவர்களையே வாங்கோ இருங்கோ என்று தாங்குகிற மனுசி.

"தம்பி இல்லையோ?"

"அவன் அஜக்ஸுக்குப் போயிட்டான். சிநேகிதப் பெடியனோட இருக்கிறான்." பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "உங்களோட அவனுக்குக் கோவம் ஒண்டுமில்லை. கோவமெல்லாம் என்னோடதான். சுவரில இருக்கிற அம்மம்மாவின்ர படத்தைக் காட்டி, 'ஹூ இஸ் ஷீ' எண்டு கேட்டவன். சின்னனில அந்தப் படத்துக்கு முத்தம் குடுத்திட்டுத்தான் படுப்பான்."

 "அக்கா, நான் செய்தது பெரிய பிழை" என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன்.

"நீங்கள் பொய் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நான் கோச் வேலையை விட்டுவிட்டேன். அவனும் எங்கள் ஆட்களின் போட்டி எதற்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா இனத்தவரும் கலந்து விளையாடுகிற ஒரு லீக்கில் அந்த ஏசி பூட்டுகிறவரின் அணிக்கு ஆடுகிறானாம், நன்றாக ஆடுகிறானாம் என்று கேள்வி. போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. தாயோடு இப்போது கதைக்கிறானா என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

பொய் சொன்னவன் என்றாவது ஒருநாள் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லி அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதிக் கொடுத்தது அத்தனையும் உண்மை, அதனால் எனக்கு அந்த வழியும் கிடையாது.