அண்ணன் ஏன் சாப்பிடாமல் போனார்?

பத்திரிகை வேலையை விட்ட பிறகு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கதையை விளக்காமல், மாணவர்களைப் பேசவைத்தே இலக்கியம் நடத்துவது எப்படி என்பதுதான் பயிற்சி. அதில் கடினமானது ஒன்றே ஒன்று: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும்.

சேந்தமங்கலம் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவருக்கு அது வரவே இல்லை. கேள்வி கேட்பார், ஒரு மூச்சு விடுவார், பதிலையும் சொல்லிவிடுவார். "கேள்விய அந்தரத்துல உட்டுட்டு நிக்க முடியலைங்க சார். கைக்கொழந்தைய நடுரோட்டுல உட்ட மாதிரி இருக்குது" என்றார்.

ஆனால் அவருக்கு அது வந்தே ஆகவேண்டியிருந்தது. அவர் பள்ளி நூலக அறையில் சத்துணவு முட்டை அட்டைகள் இடுப்பளவு அடுக்கியிருக்கும். புத்தகங்கள் அவற்றுக்குப் பின்னால். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு கதை பேச அந்த அறையைக் கேட்டிருந்தார். "நீங்க வாயத் தொறக்காம பசங்க ஒரு பீரியட் பேசட்டும், ரூமைத் தாரேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

அந்தச் சோதனை வகுப்புக்கு நானும் போனேன். வராந்தாவில் ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்துக் காட்டினார். "இது கரையற வரைக்கும் என்னால பேச முடியாதுங்க."

எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் நானும். பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு பக்கக் கதையை ஒரு மாணவி வாசித்தாள். ஒரு பெண்ணிடம் இருப்பது ஒரே ஒரு முட்டைக்கோழி. அண்ணன் விருந்துக்கு வருவதாக முதல் நாளே தகவல் வருகிறது. மறுநாள் மத்தியானம் அவர் வந்து உட்கார்ந்ததும் அவள் கோழியைத் துரத்துகிறாள். அது பிடிபடவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அண்ணன் எழுகிறார். போகும்போது கோழிக்கு ஒரு கை அரிசி போட்டுவிட்டுப் போகிறார்.

"அண்ணன் ஏன் சாப்பிடாம போனாரு?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் கமர்கட்டை வாயில் போட்டார்.

ஆசிரியரின் இடது கன்னம் புடைத்தது. பிறகு வலது. நெற்றியில் பதில் வியர்த்தது. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், கதையில தப்பு இருக்குதுங்க."

செய்தி மேசையில் இருந்தவனுக்கு அந்த வாக்கியம் பழக்கம்.

"அண்ணன் வாராருன்னு முந்தின நாளே தெரியுமில்லைங்க? அப்பக் கோழிய ராத்திரி கூடையில கவுத்துட்டு, காலையில தொறக்காமயே வெக்கோணும். தொறந்து உட்டா பகல்ல யாரு புடிக்கறது?"

நான் சேலம் டவுனில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்குக் கோழி பாலிதீன் பையில்தான் வரும். பத்திரிகையாக இருந்தால் மறுநாள் ஆறாம் பக்கத்தில் திருத்தம் போட்டிருப்போம்.

"எழுதுனவருக்குக் கோழியே தெரியாதுடா" என்றான் பின்னாலிருந்த ஒரு பையன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆறுதல் சொல்ல வாய் இல்லை.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லடா. அந்தக்கா வேணும்னேதான் தொறந்து உட்டுருக்குது. முட்டையிடற கோழி, அறுக்க மனசு வரல."

"அப்ப எதுக்குத் தொரத்துச்சாம்?"

"அண்ணன் பாக்கறதுக்கு."

"அப்ப அவருக்கும் தெரிஞ்சுபோச்சு! அதான் வயித்துவலின்னு பொய் சொல்லிட்டாரு. நல்ல அண்ணன்டா."

"நல்ல அண்ணனா? கோவிச்சுக்கிட்டுப் போனாரு!"

வகுப்பு இரண்டானது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்கு மேலே ஒரு குரல்: "கோவம் வராதா பின்ன? தங்கச்சி ஊட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு முட்டையாச்சும் பொரிச்சுக் குடுத்திருக்கலாமில்ல?"

தலைமையாசிரியை எழுந்து நின்றிருந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கிட்டவரு கோழிக்கு எதுக்குங்க அரிசி போட்டாரு?" என்றாள் அந்தப் பெண்.

தலைமையாசிரியை என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி அந்த வரியைத் தேடினார். கதையை எங்காவது முடிக்க வேண்டுமே என்று நான் போட்ட அரிசி அது.

மணி அடித்தது. யாரும் எழவில்லை.

"ஏனுங்க சார், எது சரி? கோவமா, பாசமா?" என்று அவர் ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியரின் தாடை ஒருமுறை அசைந்தது. கண்ணை இறுக மூடித் திறந்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார்.

"எழுதுனது நீங்கதானுங்களே, நீங்க சொல்லுங்க" என்று தலைமையாசிரியை என்னிடம் திரும்பினார்.

"எனக்கும் தெரியலைங்க" என்றேன். அது உண்மை.

தலைமையாசிரியை தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை நூலகத்துல உக்காந்து இதுக்கொரு முடிவு கட்டோணும். நானும் வாரேன்" என்றார். அன்று மாலையே முட்டை அட்டைகள் அவருடைய அறைக்குப் போயின.

ஆசிரியர் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். பாதி வழியில் கமர்கட்டு கரைந்தது. "அந்த அண்ணன் சாப்பிடாம போனதுக்கு அஞ்சு காரணம் இருக்குதுங்க சார்" என்று ஆரம்பித்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வந்தார். பேருந்து கிளம்பியபோது மூன்றாவது காரணத்தில் இருந்தார்.