ஒன்று தசம் நான்கு

அந்த மார்ச் மாதத்தில் பேராசிரியர் வாக்கர் அம்மையார் ஜெர்மனியின் பான் நகரத்தில் நின்றது இரண்டே இரண்டு நாட்கள்தான். அமெரிக்காவின் தெற்கில், கறுப்பின மக்களுக்கென்று நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பிக்கிறவர் அவர். வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளைப் பற்றிப் பேச வந்திருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் வெள்ளை மேலங்கியோடு நின்றாள் யதுசா. ஒலிவாங்கியைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி ஆய்வுகூடத்திலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒலிவாங்கி யதுசாவின் கையில்தான் இருந்தது. உவர் ஏறிய மண்ணில் அந்தப் பூஞ்சை என்ன செய்யும் என்று அவளே கேட்டுவிட்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அது எனக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு வருடமாக ஆள் தேடுகிறேன் என்றார். நீ யாரிடம் படிக்கிறாய் என்று கேட்டார். யாரிடமும் இல்லை, வேர்களைக் கழுவி எண்ணுகிறவள் நான் என்று யதுசா சொன்னதும் மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. போகிறபோது தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு துண்டில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

யதுசாவுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்து வளர்ந்தது பானிலேயே. நான்காம் வகுப்பு முடிந்தபோது, வீட்டில் ஜெர்மன் பேசுவதில்லை என்று காரணம் காட்டி, ஆசிரியை அவளைக் கடைசித் தரப் பள்ளிக்கு எழுதிவிட்டார். அந்தப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிடையாது. அவள் சுற்றுவழியால் ஏறினாள். மூன்றரை வருடம் ஆய்வுகூடத் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி, பிறகு பகலில் வேலையும் மாலையில் பள்ளியும், அதற்கும் பிறகு பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு. மற்றவர்கள் இருபத்திரண்டில் முடிப்பதை அவள் இருபத்தெட்டில் முடித்தாள். இனிப் போதும் என்று நினைத்திருந்தவளுக்கு அந்தத் துண்டுக் காகிதம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அந்தப் பேராசிரியரிடம் போய்ப் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் செலவுக் கதைதான் முதலில் வந்தது. பானில் படித்தால் அரைவருடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் யூரோ, அதிலேயே பஸ்ஸும் ட்ராமும் அடக்கம். அங்கே வெளிநாட்டாருக்குக் கட்டணம், விடுதி, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு முப்பதாயிரம் டொலருக்கு மேல். ட்ராம் ஓட்டுகிற அப்பா சிறீதரன் அந்தத் தொகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பேராசிரியரின் ஆய்வில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்தால் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்கும், மாதச் சம்பளமும் தரும் என்று யதுசா விளக்கினாள். ஆனால் அதற்கு முதலில் அனுமதி கிடைக்கவேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த அம்மாவின் தம்பி வாசுதேவனுக்கு வேறு கவலை.

"அது கறுப்பாக்களின்ரை யூனிவர்சிட்டி எல்லோ. அங்கை போய் என்ன செய்யப்போறாய்?"

"ஓம் மாமா. மற்ற இடமெல்லாம் கதவைப் பூட்டி வைச்சிருந்த காலத்திலை அவைக்கெண்டு வந்தது. இப்ப ஆர் போய்க் கேட்டாலும் எடுக்கினம். என்னை எடுக்கினமோ எண்டுதான் எனக்குப் பயம்."

சிறீதரன் தன் காலத்தில் இலங்கையில், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு வெட்டுப்புள்ளி வைத்ததில், நான்கே நான்கு புள்ளியால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குள் போகமுடியாமல் போனவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அன்றும் "அவள் எழுதிப் போடட்டும், வாசு" என்று மட்டும் சொன்னார்.

எழுதிப் போட்டாள். தன்னைப் பற்றிய கட்டுரையை ஏழு தரம் திருத்தினாள். கொலோனுக்குப் போய் ஆங்கிலப் பரீட்சை எழுதினாள். கணினிப் படிவத்தில் சராசரிப் புள்ளிக்கான கட்டத்தில் 1.4 என்று நிரப்பி, பட்டச் சான்றிதழை இணைத்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கண்ணாடிக் கூடத்தில் செடிகளுக்கு நடுவே நின்று வாசித்தாள். அவளுடைய சராசரி, தேவையான குறைந்த அளவான மூன்றைவிடத் தாழ்வாக இருப்பதால் விண்ணப்பத்தை மேலும் பரிசீலிக்க முடியவில்லையாம். மிச்ச வேலையை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் அம்மா சுலோஜனா அப்பாவின் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். என்ன குறைந்ததாம் என்று கேட்டார்.

"புள்ளி. மூண்டு வேணுமாம். என்ரை ஒண்டு தசம் நாலு."

சுலோஜனா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. யதுசா இரண்டாம் வகுப்பில் முதன்முதல் கணக்குத் தாளில் 'ஒன்று' வாங்கி வந்தபோது, பத்துக்கு ஒன்றா என்று கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் ஏசியவர் அவர். ஜெர்மனியில் ஒன்றுதான் உச்சம், நான்குக்கு மேல் போனால் தோல்வி என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் விளங்கியது.

"பிள்ளை, அங்கை நாலுதானே பெரிசு? உன்ரை படிவத்தை என்னை மாதிரி ஒருத்தி பாத்திருக்கிறாள்."

யதுசா சட்டென்று எழுந்து நின்றாள். அந்த நாட்டில் நான்கு உச்சம், ஒன்று அடிமட்டம். இவ்வளவு படித்தும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அது தோன்றவில்லையே. மணி நான்கைத் தாண்டியிருந்தது. அங்கே காலை பத்து, அலுவலகம் திறந்திருக்கும். தொலைபேசியில் எண்களை அழுத்தினாள்.

எடுத்தவர் அனுமதிப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் லொரெய்ன் என்ற பெண்மணி. கதை முழுவதையும் கேட்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார். அப்படியென்றால் உங்கள் ஊரில் நான்கு வாங்கிய பிள்ளை அழுமா என்று கேட்டார். முதல் வடிகட்டலைக் கணினிதான் செய்கிறது, உன் கோப்பை நானே வெளியே எடுக்கிறேன் என்றார். ஆனால் புள்ளி முறையை விளக்கும் கடிதம் ஒன்று, படித்த இடத்தின் முத்திரையோடு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வரவேண்டும். அன்று புதன்.

யதுசா படித்த இடத்தின் பரீட்சை அலுவலகத்தில் அடுத்த டெர்மீன், அதாவது முன்பதிவு நேரம், மூன்று வாரம் கழித்துத்தான் இருந்தது. வியாழன் காலை எட்டு மணிக்கு டெர்மீன் இல்லாமலே போய் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த நரைத்த மனிதர் தலையை நிமிர்த்தாமல் டெர்மீன் உண்டா என்று கேட்டார். அவள் மறுப்புக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் வாசித்தார். திரும்ப வாசித்தார். காது சிவந்தது. நாங்கள் கொடுத்த ஒன்று தசம் நான்கையா இப்படிச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுக் கணினியை இழுத்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் கடிதம் தயார். அறுபத்தொரு பேரில் யதுசா மூன்றாவதாக வந்தவள் என்று, அவள் கேட்காத ஒரு வரியையும் சேர்த்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அன்றே அதை லொரெய்னுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த பன்னிரண்டு நாளும் அவள் கைபேசியைக் கையைவிட்டு வைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அப்பாவின் ட்ராமில் வேலையால் வந்துகொண்டிருந்தபோது அது அதிர்ந்தது. முதுகலை மண்ணியலுக்கு அனுமதி, கட்டணம் முழுவதும் விலக்கு, ஓகஸ்டிலிருந்து சம்பளம். ஓடும் ட்ராமில் சாரதியோடு பேசக்கூடாது. அடுத்த தரிப்பில் நின்றதும் முன்னால் போய்க் கைபேசியைச் சாரதி அறையின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். சிறீதரன் வாசித்தார். கதவுகளை மூட மறந்து அவர் அப்படியே இருந்துவிட்டார். பின்னால் ஒருவர் குரல் கொடுத்த பிறகுதான் ட்ராம் புறப்பட்டது.

வீசா கிடைத்தது ஜூலையில். அதே வாரம் பேராசிரியர் வாக்கர் புதிய மாணவர்கள் ஏழு பேரையும் இணையத்தில் கூப்பிட்டார். முதல் அரையாண்டில் மண் வேதியியல், புள்ளியியல், வயல் வேலை. புள்ளியியலில் பாதிப்பேர் அழுவார்கள், ஆனால் ஒருவரையும் தனியே அழவிடமாட்டோம் என்றார். யதுசாவின் பெயரை எல்லோரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். அலபாமாவைச் சேர்ந்த ஒருவனுக்கு மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. தன் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவன் தான் என்று அவன் சொன்னான். நானும்தான் என்றாள் யதுசா. முதல் நாளே நேரே வயலுக்குப் போகிறோம், முழங்கால் வரை சேறு, நல்ல சப்பாத்தோடு வாருங்கள் என்று முடித்தார் பேராசிரியர்.

யதுசா கணினியை மூடிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். சிறீதரன் வேலையால் வந்து அப்போதுதான் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"அப்பா, எனக்கு றப்பர் சப்பாத்து வேணும். கடை எட்டு மணிக்குத்தான் பூட்டுவினம்."

அவர் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.