வேடர் மொழிக்கு ஒரு நடன வகுப்பு

சென்ற மாதம் பதுளையில் ஒரு கூட்டம். இலங்கையின் ஆதிகுடிகளான வேடர்களின் மொழியை அழியாமல் காப்பது எப்படி என்று பேச, அரசாங்கமே கூட்டிய கூட்டம்.

வரவேற்புரை சிங்களத்தில். ஆய்வுரை ஆங்கிலத்தில். தேநீர் தயார் என்ற அறிவிப்பு மட்டும் தமிழிலும் வந்தது. வேடர் மொழி? மேடை பேனரில் ஒரு வரி இருந்தது.

என் பக்கத்து நாற்காலியில் கிரி மெணிக்கே. மகியங்கனைப் பக்கத்து வேடர் கிராமத்துப் பெண். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், படம் பிடித்தார்கள். பேசத்தான் அழைக்கவில்லை.

நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டோம் — இருவருக்குமே அது தாய்மொழி இல்லை.

"என் மக எங்க பாஷைய டூரிஸ்ட் வந்தா மட்டும்தான் பேசுறா. வீட்டுல நான் பேசுனா சிரிக்கிறா" என்றார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஆசை. சம்பளம் வேண்டாம், ஒரு வகுப்பறை போதும். கல்வி அலுவலகத்தில் கேட்டதற்கு என்ன பதில் தெரியுமா? அந்த மொழியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த சான்றிதழ் வேண்டுமாம்.

அப்படி ஒரு பரீட்சையே நாட்டில் இல்லையே...

"அதுதான் பிரச்சினை" என்று அதிகாரியும் அனுதாபப்பட்டாராம்.

இடைவேளையில் யோகராணியைப் பிடித்தேன். என் பழைய மாணவி. பசறைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, இப்போது கல்வி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

"மொழின்னா சான்றிதழ் கேப்பாங்க சேர். பாரம்பரிய நடனம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அது பொய்யில்லையாம்மா?"

"பாட்டு இல்லாம ஆட முடியுங்களா? பாட்ட அவங்க பாஷையில படிக்கட்டும், அர்த்தம் சொல்லிக் குடுக்கட்டும். எங்கம்மாவுக்குத் தமிழ்ல ஒரு ஆபீஸ் கடிதம் வாங்க இதே ஊர்ல நான் எவ்வளவு அலஞ்சிருக்கேன்... வழியத் தேடித்தான் ஆகணும் சேர்."

விஷயத்தைச் சொன்னதும் கிரி மெணிக்கே கொஞ்சம் தயங்கினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். அனுமதி அந்த வாரமே வந்தது. நம் அலுவலகங்களா மெதுவானவை?

நேற்று தொலைபேசியில் அழைத்தார். முதல் வகுப்பு முடிந்துவிட்டதாம். மகளும் வந்தாளாம். வீடு திரும்பியதும் தண்ணீர் கேட்டது அந்த மொழியில்தானாம்.

"பாக்குறதுக்கு வெளியாள் யாருமே இல்ல. அப்பவும் பேசுனா" என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

அலுவலகத்துக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். மொழியைக் காக்கும் அடுத்த கூட்டத்தில், மாணவர்களோடு மேடையேறி ஆசிரியையும் ஆட வேண்டும் என்று அழைப்பு வந்திருக்கிறது.

கிரி மெணிக்கேவுக்கு ஆடத் தெரியாது.