அம்மாவின் பக்கத்தில் ஒரு குதிரை

அந்த மொழிப்பள்ளியில் படக்காரரைத் தெரியாதவர்கள் இல்லை. நிரந்தர ஊழியர் பட்டியலுக்கு மட்டும் அவரைத் தெரியாது.

பதினேழு வருடமாகச் சீன எழுத்துகள் பிறந்து வளர்ந்த கதையைச் சுவர்ப்படங்களாக வரைந்துகொண்டிருந்தார். இடப்பக்கம் ஆமையோட்டில் கீறிய ஆதி வடிவம், நடுவில் தூரிகை வடிவம், வலப்பக்கம் இன்றைய எழுத்து. சூரியன், மலை, மரம் வரைக்கும் பிழைப்பு யோக்கியமாகத்தான் போனது. அவையெல்லாம் நிஜமாகவே படமாய்ப் பிறந்தவை.

வினை அம்மா உருவத்தில் வந்தது. 'அம்மா' எழுத்தில் ஒரு பாதி பெண், மறுபாதி குதிரை. குதிரை நிற்பது ஓசைக்காக. குதிரைக்கும் 'மா', அம்மாவுக்கும் ஏறக்குறைய 'மா'. பெரும்பாலான சீன எழுத்துகள் இப்படிப் பொருள் பாதி, ஓசை பாதி என்று ஒட்டுப்போட்டவையே. இதைப் பள்ளி மேலாளரிடம் சொன்னார்.

"ஓசையை எப்படிங்க சுவத்துல மாட்டுறது? அம்மான்னா குதிரை மாதிரி குடும்பத்தைச் சுமக்குறவள்னு போடுங்க."

போட்டார். பெண்ணின் முதுகில் மூட்டையும் ஏற்றினார். இடப்பக்கம் காலியாக இருந்தால் நன்றாக இராதே என்று, எந்த ஆமையும் கண்டிராத ஆதி வடிவம் ஒன்றையும் கீறிவைத்தார்.

இந்த வருடம் நிரந்தர ஆசிரியர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தாள்.

கேள்வி வந்தது: 'அம்மா' எழுத்தில் குதிரை ஏன்?

பதினேழு வருடப் பாவம் தீர, அரைப்பக்கம் உண்மை எழுதினார். அந்தக் கேள்விக்கு முட்டை. ஒரே மதிப்பெண்ணில் வேலை போனது. மேலாளர் விடைக்குறிப்பை நீட்டினார். அதில் இருந்தது அவருடைய படம், மூட்டையோடு.

"சார், இந்தப் பொய்யை வரைஞ்சதே நான்தானே?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். நீங்க வரைஞ்சதே உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா, பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுப்பீங்க?"

வீட்டில் மனைவி சட்டையை வாங்கி மடித்தாள். "உண்மை பேச உங்களுக்கு வேற நாளே கெடைக்கலையா?"

தேர்வான பெண் மறுநாள் படிக்கட்டில் கும்பிட்டாள். "உங்க படத்தைப் பாத்துத்தான் சார் படிச்சேன். அந்தக் குதிரை இல்லைன்னா நான் அவுட்டு."

அன்று மாலையே மேலாளர் ஆள் அனுப்பினார். கடைசி பெஞ்சுக்குக் குதிரை தெரியவில்லையாம். புது டீச்சர் சொல்கிறாராம். பெரிதாக வரைய வேண்டுமாம்.

வரைந்தார். தாள் பழைய அளவுதான். குதிரை பெருக்கப் பெருக்க அம்மா ஓரத்துக்கு ஒதுங்கினாள். மூட்டையை மட்டும் அவர் குறைக்கவில்லை.