அழகிக்கு வாசித்துக் காட்டிய கம்ப்யூட்டர்

குளத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் விவசாயம் பார்க்கிறவர் இன்னாசி. அவர் மனைவி அழகிக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு வருசமாகிறது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசையில் பைபிளின் முதல் வாசகம் அழகியுடையதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் தமிழில் வாசிக்கும். அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணிவிடும் மனுசி. ஆண்டவர் கண்ணை எடுத்தாலும் காதைக் கூர்மையாக்கித் தந்திருக்கிறாரே என்று இன்னாசி நன்றி சொல்லிக்கொள்வார்.

துபாயில் இருக்கும் மகன் சார்லஸ் அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. சில மாதமாகப் பாதி வாசிப்பில் குரல் நின்று படுத்தியது. அந்த வெள்ளிக்கிழமை, திருச்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மகள் சுடர்விழி வந்திருந்தாள். திறந்து பார்த்தாள்.

"பெரியப்பா, வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போட ஒரு ஆளு இருக்குற மாதிரி, இதுக்குள்ள புரோகிராமைக் கொண்டாந்து சேர்க்க ஒண்ணு இருக்கும். பேக்கேஜ் மேனேஜர்னு பேரு. அண்ணன் போட்டது யாரோ சோதனைக்குச் செஞ்சு விட்டது. செஞ்சவங்களே கைவிட்டுட்டாங்க, அதான் குரலு புரோகிராமும் புதுசாகாம நின்னு நின்னு போகுது. கழட்டிட்டு, எல்லாரும் வச்சிருக்கிறதைப் போட்டுர்றேன்."

"குரலு?" என்றாள் அழகி.

"அதே குரல்தான் பெரியம்மா."

வேலையை ஓடவிட்டு, யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. அந்த வீட்டில் மூவேளை செபத்துக்கு மணி அடித்தால் ஃபேன், டிவி எதுவும் ஓடக்கூடாது. முப்பது வருசப் பழக்கம். இன்னாசி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு முழங்காலிட்டார். இரண்டாவது 'அருள் நிறைந்த மரியே'யில்தான் கம்ப்யூட்டரில் வேலை ஓடிக்கொண்டிருந்தது உறைத்தது. பாதிச் செபத்தில் எழ மனம் வரவில்லை. கண் கலங்கச் சொல்லி முடித்தார்.

சுடர்விழி தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். "பழசு பாதி போயிருச்சு, புதுசு பாதிதான் வந்திருக்கு. தெறக்கவே மாட்டேங்குது. நாளைக்கு எனக்கு டூட்டி பெரியப்பா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பென்டிரைவ்ல எல்லாத்தையும் கொண்டாந்து போட்டுத் தாரேன்."

ஞாயிறு காலையில்தான் அழகியின் வாசகம்.

"சாமியார்ட்ட சொல்லி வேற யாரையாச்சும் வாசிக்கச் சொல்லுவமா?" என்றார் இன்னாசி.

"ஏன், ஒங்களுக்கு வாயில்லையா?"

"நான் அஞ்சாப்பு அழகி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்."

"கூட்டுங்க. எனக்கென்ன, பஸ்ஸா போகப்போகுது? மணி எனக்குந்தான் கேட்டுச்சு. தடுக்கணும்னு எனக்குந் தோணலையே."

சனிக்கிழமை அவர் வயலுக்குப் போகவில்லை. பைபிளை விரித்து உட்கார்ந்தார். எசாயா ஆகமத்தில் செபுலோன் நாடு வந்தது. "செபு..." என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "லோன்" என்றார். நப்தலியில் மறுபடி முட்டினார். அழகி உதட்டை அசைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். இருபது தடவையாவது வாசித்திருப்பார்.

ஞாயிறு பூசையில், பக்கத்து வீட்டுச் சரண்யா அழகியின் கையைப் பிடித்துப் பீடத்தருகே கொண்டுபோய் நிறுத்தினாள். அழகி கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தாள். "செபு..." நின்றாள். ஒரு மூச்சு. "லோன் நாட்டையும், நப்தலி நாட்டையும்..."

மறந்துவிட்டாளோ என்று முன்வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். இன்னாசி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சொன்னபடியே சாயங்காலம் சுடர்விழி வந்து புது மேனேஜரைப் போட்டு முடித்தாள். குரல் வந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் வாசித்தது.

"எப்படி பெரியம்மா?"

"ஒரு கொறையுமில்லடி, நல்லாருக்கு," என்றாள் அழகி. பிறகு கையை நீட்டித் துழாவி, இன்னாசியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அடுத்த வாசகம் என்னன்னு எடுத்துப் பாருங்க."

இன்னாசி கண்ணாடியைத் தேடினார்.