‘அண்ணன் எங்க?’ என்ற கேள்வியோடு உட்கார்ந்திருந்தவர்

டாக்டர் ஷாகிதா வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அவருடைய தம்பி தொலைபேசியில் என்னிடம் சொன்னார். மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மாலையில் தண்டையார்பேட்டையில் அடக்கம் நடந்தது. ஒரு வழக்கில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமலேயே போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், கற்றது மூளையில் எப்படித் தங்குகிறது, எப்போது தங்காமல் போகிறது என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கல்லூரி வேலையை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் மீன்வலைக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். கன்டெய்னர் லாரி மோதித் தலையில் அடிபட்டவர்களும், பக்கவாதத்தில் பேச்சு போனவர்களும், அவர்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன வீட்டாரும் அங்கே வந்தார்கள். ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய மதிப்பில்லை.

“மாத்திரை தர மாட்டீங்க, ஊசி போட மாட்டீங்க. அப்ப இன்னாத்துக்கு டாக்டரு?” என்று ஒருவர் என் முன்னாலேயே கேட்டார்.

“உக்காந்து பேசறதுக்கு.”

“அத்த எங்க வூட்டம்மாவே சும்மா செய்யுது.”

“அவங்க பேசறப்ப நீங்க உக்கார்றீங்களா?” என்றார் டாக்டர். அந்த மனிதர் உட்கார்ந்தார்.

நான் அவரை நெருங்கி அறிந்தது எண்ணூர் விபத்துக்குப் பிறகுதான். ஒரு தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய வேலு என்ற ஒப்பந்தத் தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்தார். அவருக்குப் பின்னால் இறங்கிய தம்பி தேசிங்கு உயிரோடு மீட்கப்பட்டார். மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்ததில், புதிதாக எதையும் நினைவில் பதிக்கும் திறன் அவருக்குப் போய்விட்டது. பழைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. அண்ணன் இருக்கிறார் என்பது பழையது. அண்ணன் இறந்துவிட்டார் என்பது புதியது. அது பதியவில்லை.

வேலுவின் மனைவி கலாவின் பராமரிப்பில்தான் தேசிங்கு இருந்தார். “அண்ணி, அண்ணன் எங்க?” என்று கேட்பார். கலா சொல்வார். முதல் முறை கேட்பவர்போல் அலறி அழுவார். அழுது ஓய்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கேட்பார்.

டாக்டரிடம் வந்த அன்று கலா சொன்னது இதுதான்: “தம்பி கேக்கற ஒவ்வொரு தபாவும் நான் தாலி அறுத்துக்கினு கீறேன் டாக்டரம்மா.” “உங்க வூட்டுக்கு வந்து பாக்கறேன்” என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

வந்து பார்த்தபோது இன்னொரு சிக்கலும் தெரிந்தது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் நின்று, ‘என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அன்பாகத்தான் கேட்கிறோம். அந்தச் சந்தில் எல்லாரும் தேசிங்கிடம் அப்படிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலையும் கேட்டார். அவர் வேலுவின் உயரம், வேலுவின் உடல்வாகு. தேசிங்கு முகம் மலர்ந்து, “அண்ணன்” என்றார். ஏழுமலையால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. “ஆமா நைனா, நான்தான்” என்றார். எதுவுமே பதியாத தேசிங்குக்கு அது பதிந்துவிட்டது. ஏழுமலை வாசலைக் கடக்கும்போதெல்லாம் தேசிங்கு அவரை அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கினார். உள்ளே கலா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் எனக்கு விளக்கினார்: “நாம ஒரு தப்பு பண்ணினா, அதைத் திருத்தினதும் ஞாபகம் இருக்கும். அதனால தப்பை விட்டுடறோம். இவருக்குத் திருத்தினது மறந்துடும். வாயால சொன்ன தப்பு மட்டும் தங்கிடும். அதனால இவரை ஊகிக்கவே விடக் கூடாது.”

தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களிடம் அதையே அவர் கண்டிப்பாகச் சொன்னார். “இனிமே யாரும் அவரைக் கேள்வி கேக்காதீங்க. முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க. அப்புறம் பேசுங்க.”

“இன்னா டாக்டரம்மா,” என்றார் ஏழுமலை. “தெனம் பாக்கற மூஞ்சி. வந்து நின்னு பேரு சொன்னா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கற மாரி கீது.”

“நில்லுங்க. ஏற்கெனவே நீங்க ஒரு பொய் வாக்குமூலம் குடுத்திருக்கீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. “அது அழுவறத பாக்க முடியல டாக்டரம்மா. வேற இன்னா பண்ண சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ண வேணாம். பக்கத்துல உக்காருங்க.”

அன்றிலிருந்து தினமும் காலையில் டீயைக் கையில் கொடுக்கும்போது, தேசிங்கு கேட்பதற்கு முன்பே கலா சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மாறாத அதே சொற்கள்: ‘அண்ணன் செத்துட்டாரு. தொட்டியில வாயு அடிச்சிடுச்சு. நான் உன் கூட கீறேன்.’ முதல் சில வாரங்கள் டாக்டரே காலையில் வந்து, கலா அதைச் சொல்லும்போது அருகில் உட்கார்ந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில், டீயை வாங்கிக்கொண்ட தேசிங்கு தானாகவே, “அண்ணன் செத்துட்டாரு” என்றார். அழவில்லை. கலா வெளியே போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டார். பேஜாரு முடிந்தது என்று நினைத்தாராம். சந்தோஷமாக இல்லையாம்.

வழக்கு இதற்குள் விசாரணைக்கு வந்திருந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லை, வேலு தானாக இறங்கினார் என்பது ஒப்பந்ததாரரின் வாதம். அப்போது அங்கே இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இருவர்: வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி, தேசிங்கு. தான் இறங்கச் சொல்லவில்லை என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். தேசிங்கு ஒரு நாள், “மேஸ்திரிதான் எறங்க சொன்னாரு” என்றார். சந்து முழுக்க மகிழ்ந்தது. டாக்டர் மகிழவில்லை. அந்த வாக்கியத்தைத் தேசிங்கின் கட்டிலைச் சுற்றி எல்லாரும் மாதக்கணக்கில் பேசியிருந்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் தேசிங்கிடம் ஒரு வாக்கியம் தங்கும் என்பதைச் செய்து காட்டியவரே டாக்டர்தான்.

“அது அவர் கண்ணால பாத்ததா, நம்ம வாயால கேட்டதான்னு என்னால பிரிக்க முடியல கலா.”

“பிரிக்க வேணாம். அவுரு சொன்னத கோர்ட்டுக்கு எழுதிக் குடுங்க.”

“முதல் வாரமே நான் கேட்டிருக்கணும். அவர் மனசைக் கிளற வேணாம்னு விட்டுட்டேன். இப்ப கேட்டுப் பிரயோஜனம் இல்ல.”

கலா எழுந்து போய்விட்டார். அதன்பின் கொஞ்ச காலம் தான் வராமல், தேசிங்கை ஏழுமலையோடு மட்டும் டாக்டரிடம் அனுப்பினார்.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. டாக்டரும் ஏழுமலையும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. சமாதானம் பேசுவதற்காக அந்த மேஸ்திரி பழப்பையோடு டாக்டரின் அறைகளுக்குக் கீழே இருந்த வலைக்கடை வாசலுக்கு வந்திருக்கிறார். தேசிங்கு மாடிப்படியின் உச்சியில் நின்றிருந்தார். மேஸ்திரி கீழே நின்று, “எறங்கி வாப்பா தேசிங்கு” என்றார். தேசிங்கு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அது யாருன்னு தெரியல டாக்டரம்மா. ஆனா நான் எறங்க மாட்டேன்.”

வாராவாரம் அவர் இறங்கிய படிதான் அது. சில நாள் கழித்து ஏழுமலையை அதே இடத்தில் நிற்கவைத்து, அதே சொற்களைச் சொல்லச் சொன்னார் டாக்டர். தேசிங்கு இறங்கி வந்தார்.

மேஸ்திரியை மறுபடி வரவழைத்து இன்னொரு முறை பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டேன். ஒரே முறை பார்த்ததை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விட்டுவைக்க மாட்டார். “அந்தப் பயத்தை இன்னொரு தடவை குடுக்க எனக்கு உரிமை இல்ல” என்றார் டாக்டர்.

பார்த்ததை அப்படியே அறிக்கையில் எழுதினார். சொல்லத் தெரியாத ஒரு பயம் அந்த மனிதரின் குரலோடு தேசிங்கின் உடம்பில் பதிந்திருக்கிறது. அது உத்தரவுக்குச் சாட்சி ஆகாது. இறங்கச் சொன்னது யார் என்று தேசிங்கு சொல்வது நினைவா, கேட்டுப் பழகியதா என்பது தனக்குத் தெரியாது. இவ்வளவுதான் எழுதினார். தன் வழக்கறிஞர் அதைப் படித்துக் காட்டியபின் கலா டாக்டரிடமே நேரில் போனார்.

“பாதிதான் எழுதி கீறீங்க.”

“எனக்குத் தெரிஞ்ச பாதி. தெரியாததையும் சேர்த்து எழுதினா இதையும் நம்ப மாட்டாங்க. கூண்டுல ஏறி நானே சொல்றேன். எவ்வளவு நேரம் கேட்டாலும் நிப்பேன்.”

நிற்பார் என்று கலா நம்பினார். நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரின் வீட்டு வாசலில் கலாவைப் பார்த்தேன். தேசிங்கை அழைத்து வரவில்லை. “தம்பிகிட்ட இன்னும் சொல்லல சார். எப்டி சொல்றதுன்னு டாக்டரம்மாவத்தான் கேக்கணும்” என்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பெண்கள் இருந்த பக்கம் போனார்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதிய உங்கள் கைக்கு வணக்கம், டாக்டர். அமைதியாக உறங்குங்கள்.

அறிக்கையை எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாத நிலையில் அதைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று ஒப்பந்ததாரர் தரப்பு மனு போட்டிருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் வாரத்தில் உத்தரவு வரும் என்று கலாவின் வழக்கறிஞர் நேற்று மாலை சொன்னார். அன்று தேசிங்கும் வர வேண்டியிருக்கலாம். மேஸ்திரியும் அங்கே இருப்பார். அழைத்துப் போவதா வேண்டாமா என்று கலா இன்னும் முடிவு செய்யவில்லை.